மாமியார் கேட்ட அசல் படம்

அலுவலகத்தில் அவளுக்கு மாமியார் என்று பெயர். கல்யாணமே ஆகாதவளுக்கு இப்படியொரு பட்டம். ஆராய்ச்சிகளில் பொய் புரட்டு உண்டா என்று நாடு முழுவதற்கும் விசாரிக்கிற ஆணையம் அது. எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. குற்றம் பார்க்கத்தான் சம்பளம் என்றால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? "நல்லவேளை, உனக்கு மருமக இல்ல," என்பாள் அக்கா.

ஒரு காலத்தில் அவளும் ஆய்வு மாணவிதான். தன் பேராசிரியர் முடிவுகளைத் திருத்துகிறார் என்று புகார் கொடுத்தாள். விசாரிக்க வந்தவர் அவருடைய நெருங்கிய நண்பர்; புகாரே பொய் என்று அறிக்கை எழுதிவிட்டார். கடைசியில் படிப்பை விட்டுப் போனது இவள்தான். அந்த வயிற்றெரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை.

இப்போது வந்திருப்பதும் ஒரு மாணவியின் முறையீடு. அவளும் அவளுடைய பேராசிரியரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் இரண்டு வேறு சோதனைகளுக்கு ஒரே மைக்ராஸ்கோப் படம் வந்திருந்தது. பல்கலைக்கழகம் தானே ஒரு கமிட்டி போட்டு, அவள் செய்த மோசடி என்று முடிவுகட்டி, வெளியே அனுப்பத் தயாராக இருந்தது.

மாமியார் நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய், மைக்ராஸ்கோப்போடு இணைந்த கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னாள். அசல் படம் வேண்டும்.

"அதெல்லாம் எதுக்கும்மா? கமிட்டிதான் முடிவு சொல்லிடுச்சே," என்றார் மாணவியின் பேராசிரியர்.

"கமிட்டியில யாரு சார் இருந்தாங்க?"

"எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

"அதனாலதான் நான் வந்திருக்கேன்."

மாணவி எடுத்த சரியான படம் அதில் பத்திரமாக இருந்தது. சோதனை முடியும்வரை கட்டுரையில் இடம் காலியாக இருக்க வேண்டாமென்று பழைய படமொன்றைப் போட்டு வைப்பது அங்கே எல்லோருக்கும் வழக்கம். மாணவியும் அப்படித்தான் வைத்திருந்தாள்; பிறகு அதை மாற்றி, புதிய வரைவைப் பேராசிரியருக்கு அனுப்பியிருந்தாள். அந்த மெயிலை அவர் திறக்கவே இல்லை. அவசரத்தில் பழைய வரைவையே ஆய்வுப் பத்திரிகைக்குத் தள்ளிவிட்டிருந்தார்.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "அவதான் தப்பு பண்ணியிருப்பான்னு நெனச்சுட்டேன். தேடிப் பாக்கணும்னு தோணவே இல்ல."

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது மாமியாருக்குக் கை பரபரத்தது. மோசடி என்று ஒரு வார்த்தை போதும், ஆளைக் கவிழ்த்துவிடலாம். எத்தனையோ வருஷக் கோபம் விரல் நுனியில் வந்து நின்றது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பேராசிரியரின் கவனக்குறைவு, மோசடி அல்ல, கட்டுரை திருத்தப்பட வேண்டும் என்று எழுதினாள். மாணவி மேல் குற்றமில்லை, நண்பர்கள் கூடி நடத்திய விசாரணை செல்லாது என்றும் எழுதினாள்.

மாணவி மறுபடி ஆய்வுக்கூடத்துக்குப் போகத் தொடங்கினாள். பக்கத்து மேசைக்காரர் அறிக்கையைப் படித்துவிட்டுச் சிரித்தார். "என்ன மாமியாரே, அந்த ஆளை இவ்வளவு லேசா விட்டுட்டீங்க?"

"பண்ணின தப்பு எவ்வளவோ அவ்வளவுதான் எழுதணும்," என்றாள் அவள். "எனக்கு அன்னிக்கு யாரும் அப்படி எழுதல."