நடையில் ஓர் அசைவு

புகார் சொல்லிக் கைப்பேசியை நீட்டுபவரைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பார் அக்கா. "இங்க தூங்கி எழுந்திரிக்கிறது யாரு? அவங்க சொல்லட்டும்."

தானாக எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை, தானாக ஒலிக்க வேண்டிய மணி ஒலிக்கவில்லை என்று எங்கள் அலுவலகத்துக்கு வரும் புகார்களெல்லாம் அவர் தலையில்தான் விழும். ஸ்க்ரூடிரைவரைக் கொண்டையில் செருகிக்கொண்டு அதையே பை முழுக்கத் தேடுவார். சாதனத்தைத் திட்டினால் அவருக்கு ஆகாது. "சொன்னதைத்தான் அது செய்யும். நாம என்ன சொன்னோம்னு பாருங்க." தண்ணீர் பாயாதபோது மோட்டாரைக் குறை சொல்லாமல் வாய்க்காலோடு நடந்து பார்ப்பவரைப் போல, வீட்டோடு நடப்பார்.

அன்று நானும் அக்காவோடு போன வீட்டில் ஒரு பெரியவர் தனியாகக் குடியிருந்தார். முழங்கையில் கட்டு. காலை ஆறிலிருந்து எட்டுக்குள் படுக்கையறைக்கு வெளியே உள்ள நடையில் அசைவே தெரியாவிட்டால், ஊரின் மறுகோடியில் இருக்கும் மகனின் கைப்பேசி அலற வேண்டும். அதுதான் ஏற்பாடு. போன வாரம் விடியும் முன்பே பெரியவர் கட்டிலருகே விழுந்துவிட்டார். நண்பகலில் அடுத்த வீட்டுக்காரர் வந்து பார்க்கும்வரை தரையிலேயே கிடந்தார். கைப்பேசி மூச்சுவிடவில்லை. இனி இதை நம்பி விட முடியாது, வீட்டைப் பூட்டிவிட்டு அப்பாவைக் கூட்டிப்போகிறேன் என்று அங்கே வந்திருந்த மகன் முடிவாகச் சொன்னார். பெரியவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விழுந்த அன்று காலையிலும் நடையில் அசைவு பதிவாகியிருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் உயரத்தில் சென்சார். அதற்கு நேர் கீழே ஒரு பால் கிண்ணம்.

"பூனை வளக்கிறீங்களாப்பா?"

"வளக்கல. அதுவா வரும்." அவரே சொன்னார்: "கிண்ணத்த அங்க வச்சது நான்தாம்மா."

ஒருநாள் அசந்து தூங்கிவிட்டாராம். கைப்பேசி அலறியதும் மகன் போட்டது போட்டபடி ஓடி வந்து, மூச்சு வாங்க நின்றானாம். அதற்குப் பிறகுதான் கிண்ணம். "பூனை நடந்தா அவனுக்குப் போன் போகாது. பிள்ளை நிம்மதியா இருக்கட்டுமேன்னு..."

மகன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

அக்கா யாரையும் குறை சொல்லவில்லை. சென்சாரை மார்பளவு உயரத்துக்கு ஏற்றினார். கட்டிலருகே ஒரு பொத்தானை ஒட்டினார்: இன்னும் கொஞ்சம் தூங்க வேண்டுமென்றால் அழுத்தினால் போதும், மகனுக்கு அழைப்பு போகாது.

"இவரு அழுத்துவாரா மேடம்?"

"அவரையே கேளுங்க சார். பக்கத்துலதான இருக்காரு."

மகனுக்கு நம்பிக்கை வரவில்லை. சோதித்துக் காட்ட அக்கா நேரக்கெடுவைச் சில நிமிடங்களாக மாற்றினார். எங்கே விழுந்தீர்கள் என்று பெரியவரிடம் கேட்டு, அந்த இடத்திலேயே மல்லாந்து படுத்தார். நாங்கள் யாரும் நடைப்பக்கம் போகவில்லை. பூனை மட்டும் வாலைத் தூக்கிக்கொண்டு நடையைக் கடந்து போனது. இந்த முறை சென்சார் அதைக் கண்டுகொள்ளவில்லை. மகனின் உள்ளங்கையில் கைப்பேசி அலறியது.

அதை அணைக்கக்கூடத் தோன்றாமல், அக்காவைத் தூக்கிவிடக் குனிந்தார் மகன். அந்தக் கையை அக்கா பிடிக்கவில்லை. கட்டில் விளிம்பைப் பற்றியபடி நின்றிருந்த பெரியவரை நோக்கித் தன் கையை நீட்டினார்.