நல்ல நேரத்தில் வாசித்த கெட்ட செய்திகள்

இருபத்திமூன்று வயதில் எனக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று கையில், இன்னொன்று சட்டைப்பையில். சட்டைப்பையில் இருந்தது ஒரு அரசு வங்கியின் நியமனக் கடிதம். குமாஸ்தா உத்தியோகம், ரிட்டயர் ஆகும்வரை அசைக்க முடியாது, வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். கையில் இருந்தது தி. நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் ஆறு மாதப் பயிற்சி. அதுவும் அதே வாரத்தோடு முடிகிறது. நிரந்தரம் ஆக்குவார்களா, துரத்துவார்களா என்று தெரியாமல், நான் காலையில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்காத நிலையில் இருந்தேன். வழக்கமாக எட்டு.

அந்த மாடிக்கு மெர்ச்சன்ட் பேங்க் என்று பெயர். பிற்காலத்தில் இதே தொழில் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் என்று பெயர் மாறி, கோட்டெல்லாம் போட்டுக்கொண்டது. எங்கள் காலத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே யார் உட்காருவது என்பதே பெரிய பதவிப் போட்டி. கம்பெனிகளைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவருவது எங்கள் வேலை. மயிலாப்பூரில் என் உறவுக்காரர்கள் நான் ஏதோ மண்டிக்கடையில் இருப்பதாக முடிவுகட்டி, அம்மாவிடம் மெல்லிய குரலில் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரே பங்கு விண்ணப்பப் படிவங்களோடு திரிந்தது. பனகல் பார்க் ஓரத்தில் பூக்காரம்மாவுக்குப் பக்கத்தில் ஒருவர் படிவங்களைத் தரையில் பரப்பி, காற்றில் பறக்காமல் கல் வைத்து உட்கார்ந்திருப்பார். அலுவலகம் விட்டு வருபவர்கள் குனிந்து எடுத்துப் போவார்கள். நான் தினமும் அங்கே ஐந்து நிமிடம் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். கிண்டியில் ஒருவர் ஏதோ செய்கிறார். அவரை வாழ்நாளில் பார்க்காத தஞ்சாவூர்க்காரர் ஒருவர், ஒரு காகிதத்தைப் படித்துவிட்டுத் தன் சேமிப்பை எடுத்து நீட்டுகிறார். நடுவில் இருப்பது அந்தக் காகிதம் மட்டும். அந்தக் காகிதத்தை எழுதப்போவது யார்? நான்! வீட்டில் பால் வாங்கி வரச் சொன்னால் தயிர் வாங்கி வருகிறவன்.

எங்கள் மேலதிகாரி ஒரு பெண்மணி. மேடம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, மேஜை இழுப்பறையில் ஒரு பொட்டலம் தட்டை. யாராவது எதையாவது வாசித்துக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு தட்டை கடிப்பார். தப்பு வந்தால் கடிப்பது நிற்கும். அந்த நிசப்தத்துக்குப் பயந்து ஒருவர் ராஜினாமாவே செய்திருக்கிறார்.

"கிண்டி ரப்பர் பார்ட்டிக்கு நீ எழுது," என்றார் என்னிடம். "ஒழுங்கா வந்தா இங்க இருக்கலாம். இல்லேன்னா இருக்கவே இருக்கு, உன் பாக்கெட்ல."

கடிதத்தைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. மேஜைக்குத் திரும்பி வந்து குனிந்து பார்த்தேன். என் வெள்ளைச் சட்டைப்பையில், வியர்வையில் நனைந்து, வங்கியின் முத்திரை கண்ணாடிப் பெட்டியில் வைத்ததுபோலத் தெரிந்தது.

கிண்டி தொழிற்பேட்டையில் மூன்று நாள் சுற்றினேன். பிரஷர் குக்கருக்கு ரப்பர் வளையம் செய்கிற கம்பெனி. முதலாளி ஒரு காலத்தில் இன்னொரு ரப்பர் கம்பெனியில் மூட்டை தூக்கியவர். "வா நைனா, இன்னா இன்னா பாக்கணுமோ பார்த்துக்கோ, மூடி வைக்கிறதுக்கு நம்மகிட்ட ஒண்ணும் கெடையாது," என்று தோளில் கை போட்டு அழைத்துப் போனார். ஒரு பக்கம் கறுப்பு மாவு போகிறது, மறுபக்கம் சூடாக வளையம் வளையமாக விழுகிறது. சந்தனம், குங்குமம் வைத்த அந்த இயந்திரத்தின் முன்னால் நான் கோயிலில் நிற்பதுபோல நின்றேன். மாவைக் கலக்கும் அறைக்குள் வயதான மேஸ்திரி ஒருவர் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பெரியவர் ஏதோ பூஜை செய்கிறார் என்று மரியாதையாக விலகி வந்துவிட்டேன்.

முதலாளி எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னார். நிலம் மச்சானுடையது, குத்தகை இன்னும் இரண்டு வருடம்தான். செய்கிற வளையம் அத்தனையும் ஒரே ஒரு குக்கர் கம்பெனிக்குத்தான் போகிறது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல். பங்கு வெளியிடும் கம்பெனி தனக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று ஒரு பக்கம் எழுதியே தீர வேண்டும். ரிஸ்க் பக்கம். அதுவும் ஆரம்பத்திலேயே. நான் வளர்ந்த வீட்டிலோ 'இல்லை' என்பதே ஒரு கெட்ட வார்த்தை. அரிசி தீர்ந்துபோனால், "அரிசி நெறைஞ்சிருக்கு, அஞ்சு கிலோ வாங்கிண்டு வாடா," என்பாள் அம்மா. விளக்கை அணை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், மலையேற்று என்பார்கள். போகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டைத் தாண்டியவர் எவரும் கிடையாது. அப்படிப்பட்டவன், காபி வாங்கிக் கொடுத்த மனிதரின் கம்பெனி மூடிப்போகலாம் என்று எப்படி எழுதுவது? விளங்குமா?

அதனால் நாசூக்காக எழுதினேன். மேடம் தட்டையோடு கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது வரியிலேயே நிசப்தம்.

"என்னது, திருப்பிப் படி?"

நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் சாரம் இது: மைத்துனரின் நல்லாதரவோடு, அவரது விசாலமான நிலத்தில் கம்பெனி இனிதே இயங்கி வருகிறது.

"இது என்னப்பா, கல்யாணப் பத்திரிகையா? குத்தகை முடிஞ்சா?"

"புதுப்பிச்சுடுவா மேடம்."

"இல்லேன்னா?"

"நல்லபடியா நடக்கும் மேடம்."

அவர் கண்ணைத் திறந்தார். "உங்காத்துல அரிசி தீர்ந்தா என்ன சொல்லுவா?"

"நெறைஞ்சிருக்குன்னு..."

"நீ நெறைஞ்சிருக்குன்னு எழுதுவே. அதைப் படிச்சிட்டு எவனோ ஒருத்தன் ஒலை வச்சிட்டு ஒக்காந்திருப்பான். மூணு மணிக்குள்ள மாத்தி எழுதிக் குடு."

மாற்றி எழுதினேன். ஒன்பது ஆபத்துகள். ஒவ்வொன்றையும் எழுதி முடித்ததும் எழுந்து போய்க் கை கழுவினேன். ஒன்பது முறை போனதைப் பார்த்த பியூன், "வயிறு சரியில்லையா சார்?" என்று கேட்டார்.

அச்சுக்குப் போகும் முன் முழு ஆவணத்தையும் கம்பெனிக்காரர் முன்னால் ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். கமா, புள்ளி உட்பட. இது எங்கள் தொழில் வழக்கம். எப்போதும் அலுவலகத்தில்தான் நடக்கும். இந்த முதலாளி, "நல்ல காரியம், நம்ம வூட்ல வச்சிக்கலாம்," என்றுவிட்டார். வியாழக்கிழமை, பத்தே முக்காலுக்கு மேல் ஒரு மணி நேரம் நல்ல நேரம். அடையாறில் அவர் வீட்டு ஹாலுக்குள் நுழைந்தால், நான் எழுதிய காகிதக் கட்டு ஒரு வெள்ளித் தட்டில், நாலு மூலையிலும் குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் மல்லிகையோடு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் கற்கண்டு. முதலாளியின் மனைவி பட்டுப்புடவையில்.

"படி," என்றார் மேடம், சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு.

கம்பெனி பெயர், விலாசம் எல்லாம் கணீரென்று வாசித்தேன். நான்காம் பக்கம், ரிஸ்க் பக்கம், வந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி, "தமிழ்லயும் சொல்லிக்கினே போ நைனா. வூட்டுக்காரிக்கும் புரியணுமில்ல," என்றார்.

ஆங்கிலத்தில் ஆபத்து என்பது ஏதோ வேறு ஊரில் நடப்பது மாதிரி இருக்கும். தமிழில் சொன்னால் அது ஹாலுக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்துகொள்ளும். நான் மல்லிகைப்பூவைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"ஒண்ணு. கம்பெனி இருக்கற நிலம் கம்பெனிக்குச் சொந்தம் இல்ல. குத்தகை ரெண்டு வருஷத்துல முடியறது. புதுப்பிக்கலேன்னா கம்பெனி... கம்பெனி வந்து..."

"வந்து?" என்றார் அந்த அம்மாள்.

"மூட வேண்டி வரலாம்."

உள்ளே குக்கர் விசில் அடித்தது. நான் நாற்காலியிலிருந்து ஒரு அங்குலம் எழும்பி உட்கார்ந்தேன்.

"என் தம்பி காலி பண்ணச் சொல்லுவான்றியா?"

"சொல்லமாட்டான், விடு," என்றார் முதலாளி.

"சொல்லுவான்," என்றார் அந்த அம்மாள். "அவன் பொண்டாட்டி சொல்ல வைப்பா. இந்தத் தம்பி கரீட்டாத்தான் எழுதிக்கீது. மேல படிப்பா."

எனக்கு உயிர் வந்தது. இரண்டு, மூன்று, நான்கு என்று போனேன். ஒவ்வொன்றுக்கும் அவர் "ஆமா", "அது சரி" என்று தலையாட்டினார். பூர்வீகச் சொத்துப் பத்திரத்தைக் கூட இவ்வளவு கவனமாக யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒன்பதாவதை முடித்தேன்.

"அவ்ளோதானா?" என்றார் அந்த அம்மாள்.

"அவ்வளவுதாங்க."

"மேஸ்திரிய எழுதலையே?"

"ஏய், சும்மா இரு," என்றார் முதலாளி.

"இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? மாவு கலக்குறது அவருக்கு மட்டும்தானே தெரியும்? உங்களுக்கே தெரியாதே! போன ஆடிக்கு அவரு ஊருக்குப் போயி பத்து நாள் வரலன்னு மெஷின நிறுத்திக்கினு ஒக்காந்துகினு இருந்தீங்களே, மறந்துபோச்சா?"

மேடம் கண்ணைத் திறந்தார். தட்டை இல்லாமலேயே அந்த நிசப்தம் வந்தது. சாத்திய கதவு என் ஞாபகத்துக்கு வந்தது. மூன்று நாள் அங்கே சுற்றி, ஒரு கம்பெனியின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு, பூஜை என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தவன் நான்.

முதலாளி எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். முதுகு மட்டும் தெரிந்தது. சுவர்க்கடிகாரத்தில் நல்ல நேரம் முடியப் பன்னிரண்டு நிமிடம். அதில் ஐந்து நிமிடம் போவதற்குள் நான் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து, கல்யாணமாகி, ரிட்டயரும் ஆகிவிட்டேன். இவர் வெளியீடே வேண்டாம் என்றால் முடிந்தது கதை. மேடம் அவரைச் சமாதானப்படுத்தப் போகவில்லை.

முதலாளி திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"எழுதிக்கோ நைனா. பத்தாவது."

"கீழ உங்க பதிலையும் போடலாம் சார். ஒவ்வொரு ரிஸ்க்குக்கும் கம்பெனி பதில் சொல்லலாம்."

"இதுக்கு இன்னா பதிலு?" சற்று யோசித்தார். "மொதலாளி கத்துக்கினு வரார்னு போடு." மனைவியைப் பார்த்தார். "நாளைக்கே ஆரம்பிக்கிறேன். போதுமா?"

நான் கையால் எழுதிச் சேர்த்த பத்தாவது வரிக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். மூட்டை தூக்கிய கை. ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி. முன்பின் தெரியாத ஆயிரம் பேர் படிக்கப்போகிற காகிதத்தில், எனக்கு என் தொழிலே முழுசாகத் தெரியாது என்று ஒரு மனிதர், நல்ல நேரத்தில், பூ வைத்த தட்டின் மேல், கையெழுத்துப் போடுவதை நான் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. பிறகு பெரிய பெரிய கண்ணாடிக் கட்டடங்களில் உட்கார்ந்து எத்தனையோ கையெழுத்துகளைப் பார்த்தாயிற்று. அந்தச் சிலிர்ப்பு வரவில்லை.

மீதிப் பக்கங்களையும் வாசித்து முடித்துத் திரும்பி வரும்போது, ஆட்டோ அடையாறு பாலத்தின் மேல் ஏறியதும் மேடம் பேசினார்.

"பத்தாவது நீ கண்டுபிடிக்கல."

"இல்ல மேடம்."

"ஒம்பது ஒழுங்கா எழுதியிருந்தே. உன்னை நிரந்தரம் பண்றேன்." நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். "முழுசாக் கேட்டுக்கோ. பங்கு வாங்கற இந்தக் கூட்டம் எப்பவும் நிக்காது. மார்க்கெட் விழுந்தா மொதல்ல மூடற கடை நம்மளது. ரெண்டு வருஷம்னு வச்சிக்கோ. அன்னிக்கு எனக்கே வேலை இருக்காது, உன்னை நான் காப்பாத்துவேன்னு நெனைக்காதே. யோசிச்சு நாளைக்கு வா. இல்லேன்னா பேங்க்குக்குப் போ."

"கீழ உங்க பதில் ஏதாவது உண்டா மேடம்?"

பாலம் முடியும்வரை யோசித்தார். "இல்ல," என்றார்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் ஒரே நாற்காலியில் இருந்தவர். வங்கிக் கடிதம் வந்த அன்று கபாலி கோயிலில் அர்ச்சனை செய்தவர். நான் சுற்றி வளைக்கவில்லை. "பேங்க்ல சேரப் போறதில்லைப்பா. இந்த வேலை ரெண்டு வருஷத்துல போயிடலாம். ஆபீஸையே மூடிடலாம்."

"விளக்கேத்தற நேரத்துல என்னடா பேச்சு!" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "இதெல்லாம் யார் சொன்னா?"

"எங்க மேடம்தான்."

"வேலையும் குடுத்துட்டு, போயிடும்னும் அவாளே சொன்னாளா?"

"ஆமாம்பா."

கோபம் வரப்போகிறது என்று நான் காலைக் கொஞ்சம் பின்னால் வைத்துக்கொண்டேன். வந்தது கோபம் இல்லை. "முப்பத்திரண்டு வருஷத்துல," என்றார், யாரையோ வியப்பதுபோல, "எனக்கு ஒருத்தனும் ஒண்ணும் முன்னாடியே சொன்னதில்லடா."

மேடம் கணக்கு தப்பிவிட்டது. இரண்டு வருடம் தாங்கவில்லை. பதினாறாவது மாதமே பாண்டி பஜார் மாடியைப் பூட்டிவிட்டோம்.