வழியெல்லாம் அழுதுகொண்டு வந்த பெண்

போன வாரம் கண் டாக்டரிடம் போயிருந்தேன். கண் ஓயாமல் உறுத்துகிறது, மணல் விழுந்த மாதிரி அரிக்கிறது என்றேன். அந்தச் சின்னப் பெண் இமையோரத்தில் ஏதோ காகிதத் துண்டை வைத்துப் பார்த்துவிட்டு, "கண்ணீர் வத்திப்போச்சுமா, வயசானா அப்படித்தான்" என்று ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தாள். மருந்துக் கடையில் அந்தக் குப்பியை வாங்கிக்கொண்டு இது என்ன மருந்து என்று கேட்டேன். "கண்ணீர்தாங்க. செயற்கைக் கண்ணீர்" என்றான் கடைக்காரப் பையன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடையில் போய்க் கண்ணீர் வாங்குகிற நிலைமைக்கு வந்துவிட்டேன் பாருங்கள். ராய்ச்சூர் தாண்டி ஆரம்பித்து அரக்கோணம் வரைக்கும் நிற்காமல் அழுதவள் நான். ஒரு ரயில் பெட்டியே அதற்குச் சாட்சி.

அப்போது நான் பம்பாயில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தேன். எழுபதுகளின் ஆரம்பம். ட்ரங்கால் என்றால் இப்போது விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியூருக்குப் பேச வேண்டியவர்கள் எங்களிடம் பதிந்துவிட்டுக் காத்திருப்பார்கள்; நாங்கள் பலகையில் வயரைச் செருகி ஊர் ஊராகக் கூப்பிட்டு இரண்டு பேரையும் சேர்த்து வைப்போம். காதில் மாட்டுகிற கருவியின் ரப்பர் வியர்வையில் ஊறி ஒரு வாசனை வரும். மற்றப் பெண்களுக்கு அது குமட்டும், எனக்கு அது வீட்டு வாசனை. காஞ்சிபுரத்தில் எங்கள் நைனா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். (அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.) ட்யூபும் டயரும் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனும் கலந்த அந்த நெடியில்தான் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கவே ஆரம்பித்தேன். எங்கள் ஊர் என்றால் எல்லாரும் பட்டு, பட்டு என்பார்கள். எனக்கு ரப்பர்தான்.

அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. சும்மா உட்கார முடியாத பிறவி நான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என் பெஞ்சுக்கு மட்டும் தனியாக ஒரு அதட்டல் வைத்திருப்பார். எக்ஸ்சேஞ்சில் சும்மா உட்கார நேரமே கிடையாது. ஒரு காதில் பூனா, ஒரு காதில் நாக்பூர், நடுவில் யாரோ ஒரு சேட்டு கத்துவார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இந்தியா முழுக்க ஓடிக்கொண்டிருக்கலாம். இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

அதை விட்டுவிட்டு வரச் சொல்லி நைனாவின் கடிதம் வந்தது. வாலாஜாபாத்தில் ஒரு இடம். ரைஸ் மில், தங்கமான பையன், மாமியார் கிடையாது. மாமியார் கிடையாது என்பதை அம்மா சொல்லித்தான் எழுதியிருப்பார், சந்தேகமேயில்லை. வெள்ளிக்கிழமை நிச்சயம். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பது ஒன்றுதான் அவர்கள் சொன்னது. எல்லாருக்கும் சம்மதம், நீ வந்தால் போதும்.

முடியாது என்று சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் ரயில் ஏறினேன். ஆனால் எந்த வாயால் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. நைனா என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை. வேலைக்கு ஆர்டர் வந்தபோது பெரியப்பா வாசலில் நின்று, "பொட்டப் புள்ளைய பம்பாய்க்கு அனுப்பறியே, புத்தி கெட்டுப்போச்சாடா ஒனக்கு" என்று தெருவே கேட்கக் கத்தினார். நைனா மறுநாள் போய் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். கொடுமைக்காரராக இருந்தால் எதிர்த்துப் பேசிவிடலாம். இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது?

ரயிலில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து கதவருகே போவேன், உடனே திரும்புவேன். ட்ரங்குப் பெட்டியை இழுத்துப் பூட்டைப் பார்ப்பேன். கூஜாவில் தண்ணீர் குடிப்பேன், அதனாலேயே மறுபடி எழுந்து போக வேண்டியிருக்கும். மனசுக்குள் நைனாவிடம் பேசிப் பார்ப்பேன். மரியாதையாக ஒரு பேச்சு, கோபமாக ஒரு பேச்சு, காலில் விழுந்து ஒரு பேச்சு. எதிர் சீட்டில் வேலூர்ப் பக்கத்துப் பட்டாளத்துக்காரர் ஒருவர் லீவில் போய்க்கொண்டிருந்தார். பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டார். "இன்னா தங்கச்சி, மூட்டப்பூச்சி கடிக்குதா?"

அந்த வெட்கத்தில்தான் புத்தகத்தை எடுத்தேன்.

புத்தகம் என்றால் கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தது. அந்த நாளில் வீட்டுக்கு வீடு இருக்கும். என் ஹாஸ்டல் தோழி லீலா பொன்னைப் போல வைத்திருந்ததை வழித்துணைக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். ஒரு பக்கம் கதாநாயகி மயங்கி விழுவாள், மறுபக்கம் தலைவலித் தைல விளம்பரம் இருக்கும். ஒரு வாரத்து இதழ் கிடைக்காமல் போனதால் அந்த இடத்தில் லீலா ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, யாரிடமோ கேட்டு, தன் கையாலேயே எழுதியிருந்தாள்: "இந்த வாரம் சித்தி ஊருக்குப் போகிறாள். மழை. எல்லாரும் அழுகிறார்கள்." அந்த வாரத்தை மூல ஆசிரியர்கூட அவ்வளவு நன்றாக எழுதியிருக்க மாட்டார்.

கதை என்னவென்றால், மரகதம் என்று ஒருத்தி. அக்கா செத்துப்போகிறாள். அக்கா குழந்தைகளை வளர்க்க யாருமில்லை என்று இவள் வருகிறாள். படித்துக்கொண்டிருந்த படிப்பு போகிறது. காத்திருந்தவன் ஒருவன் இருந்தான், அவனும் போகிறான். எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றே சொல்கிறாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ராய்ச்சூர் தாண்டியதும், அவனுடைய கல்யாணப் பத்திரிகையை இவளே பூஜை மாடத்தில் வைக்கிற இடத்தில், என்னையறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்."

பட்டாளத்துக்காரர் திடுக்கிட்டு, "நானா?" என்றார்.

அதற்கப்புறம்தான் அழுகை. முதலில் கண்ணில் எஞ்சின் கரி விழுந்துவிட்டது போல் துடைத்தேன். அந்த நாளில் எல்லாரும் செய்கிற சமாளிப்பு அது. ஆனால் கடைசி அத்தியாயம் வந்தபோது எந்தச் சமாளிப்பும் நிற்கவில்லை. வளர்த்த பெண்ணின் குழந்தைக்குக் காது குத்து. குடும்பம் முழுக்க போட்டோவுக்கு நிற்கிறது. குழந்தை அழுகிறது. "சித்தி, நீ கேமராக்காரர் பின்னால நின்னுக்கிட்டு குழந்தைக்குச் சிரிப்புக் காட்டு" என்கிறார்கள். மரகதம் போய் நிற்கிறாள், சிரிப்புக் காட்டுகிறாள். போட்டோவில் எல்லாரும் இருக்கிறார்கள், அவள் இல்லை. அவ்வளவுதான் கதை. நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். அவளுக்காக அழுதேனா, வெள்ளிக்கிழமையை நினைத்து அழுதேனா என்று அன்று கேட்டிருந்தால் சத்தியமாக அவளுக்காக என்றுதான் சொல்லியிருப்பேன்.

பக்கத்து சீட்டில் ராஜம்மா என்று ஒரு அம்மாள். எங்கள் ஊர்தான். பம்பாய்க் கடைகளுக்குப் புடவை போடுகிற நெசவுக் குடும்பம், கணவரோடு போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வீட்டில் தெலுங்கு. பாசம் வந்தால் தல்லி, தல்லி என்பார். குண்டக்கல்லில் வண்டி நின்றதும் என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"யாரும்மா பூட்டாங்க?"

"யாரும் இல்லக்கா."

"சொல்லு தல்லி. தந்தி வந்துச்சா? அப்பாவா, அம்மாவா?"

இல்லை, புத்தகம் படித்தேன் என்று காட்டினேன். அவர் அதை வாங்கித் தலைப்பக்கமும் கால்பக்கமும் பார்த்தார். தைல விளம்பரத்தில் கண் கொஞ்சம் நின்றது. திருப்பிக் கொடுத்தார். "இதுக்கா இம்மாம் அழுவ? நம்பறா மாதிரி சொல்லும்மா."

அதற்குள் பெட்டியே என் துக்கத்தில் சேர்ந்துகொண்டது. பட்டாளத்துக்காரர் இறங்கி ஓடிப்போய்க் காபி வாங்கி வந்தார், ஜன்னல் சீட்டையும் விட்டுக் கொடுத்தார். ராஜம்மாவின் கணவர் கையிலிருந்த ஆரஞ்சை உரித்து உரித்து என் மடியில் வைத்தார். ராஜம்மா என்னைக் கட்டிக்கொண்டு, போய்ச் சேர்ந்த தன் அண்ணனை நினைத்துத் தானும் ஒரு பாட்டம் அழுது தீர்த்தார். எனக்கோ ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. கடைசியில், வீட்டில் எல்லாரும் சுகம், வெள்ளிக்கிழமை எனக்கு நிச்சயம், அதற்குத்தான் போகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"அப்பிடிச் சொல்லு" என்றார். "யாரு வூட்டுப் பொண்ணு நீ?"

வாடகை சைக்கிள் கடை என்றேன். அவருக்கு நைனாவைத் தெரிந்திருந்தது. அவர் வீட்டுப் பையன்கள் எல்லாரும் எங்கள் கடை சைக்கிளில்தான் விழுந்து எழுந்து பழகியவர்கள். அதன்பின் அவர் ஒன்றும் கேட்கவில்லை. தான் தூங்குகிற வரைக்கும் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அதனால் அழுகை நிற்காமல் வந்தது.

விடிகிற நேரத்தில் அரக்கோணத்தில் இறங்கி, சின்ன ரயிலுக்கு மாறி, காஞ்சிபுரம் வந்து சேர்ந்தோம். என்னை அழைத்துப் போக அண்ணன் சைக்கிளோடு வந்திருந்தான். ட்ரங்குப் பெட்டியை கேரியரில் கட்டி அவன் தள்ள, நான் கூட நடந்தேன். எங்கள் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் பாவு போட்டிருந்தார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவு போட்ட தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற ஆள் எங்கள் ஊரில் கிடையாது. சுற்றிக்கொண்டு போனோம். ராஜம்மாவின் குதிரை வண்டிக்கு அந்தத் தெருவழி போக வேண்டிய தேவையே இல்லை. நாங்கள் போய்ச் சேருவதற்குள் எங்கள் கடை வாசலில் நிறுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அவர் போயே விட்டிருந்தார்.

வீட்டு முன்பக்கம்தான் கடை. அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "இன்னாடி, பம்பாய்லேர்ந்து அழுதுக்கினே வந்தியாமே? ஊரு சிரிக்கறதுக்கா?"

"கதை படிச்சேம்மா. அதுக்குத்தான் அழுதேன்." லீலாவின் புத்தகத்தை நீட்டினேன்.

"அதான பாத்தேன்" என்று அம்மாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. உள்ளே பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார், போய்விட்டார். நானே என் வாயால் கதவைச் சாத்திக்கொண்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இனி என்ன, வெள்ளிக்கிழமைதான்.

நைனா ஒரு ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். நிமிராமல் கேட்டார். "இன்னா கதைம்மா அது?"

சொன்னேன். அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மரகதம், அக்கா, குழந்தைகள், போட்டோ எல்லாம் சொன்னேன். ட்யூபிலிருந்து குமிழ் வந்துகொண்டே இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"கடைசி வரைக்கும் ஒண்ணுமே சொல்லலியா அந்தம்மா?"

"சொல்லல நைனா."

"யாரும் கேக்கவும் இல்லியா?"

அப்படி நான் யோசித்திருக்கவில்லை. வழியெல்லாம் அவளைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். "கேக்கல" என்றேன்.

ட்யூபை விட்டுவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். "சரி, நான் கேக்கறேன். ஒனக்கு இன்னாமா வேணும்?"

வழியில் பேசிப் பார்த்த பேச்சு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. "வேலைய வுட மாட்டேன் நைனா." காற்றடிக்க வந்து நின்றவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"ம்" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, கடையில் இருந்ததிலேயே நல்ல சைக்கிளாக ஒன்றை எடுத்து, நேரே வாலாஜாபாத்துக்கு மிதித்தார்.

சாயங்காலம் வந்தார். நிச்சயம் இல்லை என்று மட்டும் சொன்னார். அம்மா மாவுப் பாத்திரத்தைக் கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டினார். நான் ரயிலேறுகிற வரைக்கும் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்த வீட்டாரோடு சண்டை எதுவும் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது, நைனா அங்கே வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பொண்ணு வழியெல்லாம் அழுதுக்கினு வந்துச்சு, எனக்கு மனசு கேக்கல" என்றிருக்கிறார். அவர்கள் மோர் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"நான் கதைக்குத்தான அழுதேன்?" என்று ஒரு லீவில் அவரிடம் கேட்டேன்.

"வேலைய வுட மாட்டேங்குதுன்னா சண்ட வரும். பொண்ணு அழுவுதுன்னா அவங்க வூட்லயும் பொண்ணுங்க இருக்குது" என்றார். "எதுக்கு அழுதன்னு யாரும் கேக்கல. நானும் சொல்லல."

பிறகு கல்யாணம் ஆனது, வேறு இடத்தில், வேலையோடு. ரிட்டயர் ஆகிற வரைக்கும் அதே துறையில் இருந்தேன். ஆனால் நான் விட மாட்டேன் என்று சொன்ன வேலை எனக்கு முன்னால் போய்விட்டது. வயர் பலகை போனது, எஸ்.டி.டி. வந்தது, தெருவுக்குத் தெரு பூத் வந்தது, அதுவும் போனது. அரக்கோணத்தில் மாறுகிற சின்ன ரயில் இல்லை. தொடர்கதையைக் கிழித்து பைண்டு செய்கிறவர்கள் இல்லை. கடை இருந்த இடத்தில் அண்ணன் மகன் செல்போன் ரிப்பேர் பார்க்கிறான். நைனா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

அண்ணன் மகள் ஒரு நாள் கேட்டாள். "ஒயர சொருகற வேலைக்கா அத்த, கல்யாணத்த வேணான்ன?" சுருக்கென்று கோபம் வந்தது, ஆனால் அவள்மேல் தப்பில்லை. அந்த வேலையை அவளுக்கு எதைக் காட்டிப் புரியவைப்பது? அன்றிலிருந்து இன்று வரை எனக்கு எது நல்லது என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள், கணவர் முதல் கண் டாக்டர் வரைக்கும். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டது நைனா ஒருவர்தான்.