கையைத் தூக்கியவனைச் சுடக் கூடாது

என் மாமனார் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காரணத்தைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை, சாதிதான். அவர்கள் கல்லங்குறிச்சியில் நிலபுலன் உள்ள குடும்பம். என் அப்பா அம்மா வாலிகண்டபுரத்துப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டு அறுத்தவர்கள். நான் படித்து டீச்சரானதெல்லாம் அவர் கண்ணில் படவே இல்லை. "என்ன மாமான்னு கூப்புடக் கூடாதுன்னு சொல்லிடு" என்று கல்யாணத்தன்றே மகனிடம் சொல்லிவிட்டார். நானும் ரோஷக்காரி, கூப்பிடவில்லை.

மாமியார் இறந்த பிறகு வேறு வழியில்லாமல் பெரம்பலூருக்கு எங்களோடு வந்து சேர்ந்தார். நான் சமைத்ததைச் சாப்பிட்டார். ஏதாவது வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார். "ஃபேன கொஞ்சம் கொறச்சா தேவல." சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் வீட்டுச் சுவருக்கு அதுவே முழுநேர வேலையாகிப் போயிற்று.

போன மே மாத லீவில் என் கணவர் டிவியில் செருகி ஆடும் வீடியோ கேம் ஒன்று வாங்கி வந்தார். ஏகப்பட்ட பழைய காலத்து ஆட்டங்கள் அதற்குள் இருந்தன. எனக்குப் பிடித்துப்போனது ஒரு துப்பறியும் ஆட்டம். தொப்பியும் நீளக் கோட்டும் போட்ட ஒருவன் தெருவில் இடமிருந்து வலமாக நடப்பான், அவன் நடக்க நடக்கத் தெருவும் நகர்ந்துகொண்டே வரும். கதவுகள் திறக்கும். துப்பாக்கியோடு வருபவனைச் சுட வேண்டும். சில கதவுகளில் ஒரு பாவமும் அறியாதவன் கையைத் தூக்கிக்கொண்டு வருவான். அவனைச் சுட்டால் நமக்கு ஒரு லைஃப் போய்விடும். எனக்கு நிதானம் போதாது. வந்தவனையெல்லாம் சுட்டுத் தள்ளினேன்.

கணவர் காலையில் அரியலூர் பஸ் பிடித்து சிமெண்ட் ஆலை வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஆடும்போது பின்னாலிருந்து சுவருக்குத் தகவல் போகும். "கதவுக்கு நேரா போயி நிக்கக் கூடாது, ஓரமா நிக்கணும்." எரிச்சலாக வரும். ஆனால் ஓரமாக நின்று பார்த்தபோது நான் சாகவில்லை. அது இன்னும் எரிச்சல்.

ஒரு நாள் அந்த கேமோடு வந்த இரண்டாவது ரிமோட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். குழம்பை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் அது அவர் கையில் இருந்தது. அதே ஆட்டத்தை இருவர் ஆடும்படி போட்டேன்.

அதில் ஒரு வில்லங்கம். இருவரும் சேர்ந்து நடந்தால்தான் தெரு நகரும். ஒருவர் பின்தங்கினால் மற்றவர் திரையின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இவரோ கதவு கதவாக நின்று சோதனை போட்டார், வாரண்ட் மட்டும்தான் கையில் இல்லை. வாங்க என்று சொல்லலாம். என்னவென்று கூப்பிட்டுச் சொல்வது? மூன்று நாளாகியும் நாங்கள் முதல் தெருவைத் தாண்டவில்லை.

நாலாம் நாள் அவருடைய ஆளுக்குப் பின்னால் இரண்டு பேர் துப்பாக்கியோடு வந்தார்கள். அவர் ஒரு கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா, பின்னாடி!" என்று கத்திவிட்டேன். கத்திக்கொண்டே சுட்டேன். இரண்டு பேரும் விழுந்தார்கள். அந்தக் கதவைத் திறந்து கையைத் தூக்கிக்கொண்டு வந்த அப்பாவியும் கூடவே விழுந்தான்.

அவர் திரும்பி நேராக என் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, கண்ணு தெரியுதா இல்லியா ஒனக்கு? கையத் தூக்கிட்டு வர்றவனப் போயி சுடுறியே! சர்வீஸ் பூரா நான் ஒருத்தனச் சுட்டதில்ல, நீ நாலு நாள்ல ஊரையே காலி பண்ணிடுவ போலருக்கே!"

"தெரியாம பட்டுடுச்சு மாமா" என்றேன்.

கூப்பிடாதே என்று அவர் சொல்லவில்லை. "சரி சரி, வா. அடுத்த கதவுல ஆளு இருக்கான்" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் அடுப்படிக்குப் போய் அழுதேன். துக்கமில்லை, சந்தோஷம்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆறு வருடம் என்னை ஒரு மனுஷியாக மதிக்காதவர் ஒரு திட்டு திட்டியதற்கா இப்படிப் பூரித்துப்போவது? மானம் ரோஷம் என்று பேசியதெல்லாம் எங்கே போயிற்று? முகத்தைக் கழுவிக்கொண்டு, இனிமேல் அந்த ஆட்டத்தைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

மறுநாள் காலை பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு நானே போய் டிவியைப் போட்டேன். மாமாவும் வந்து உட்கார்ந்தார். இரண்டாவது கதவு திறந்து ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு வந்தான். நன்றாகப் பார்த்து, வேண்டுமென்றே அவனைச் சுட்டேன்.