கார்த்திகையன்று நான் அடித்தவர்

கூட்டத்தைக் கண்டால் மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிடுகிறேன். “வலிக்குதுப்பா” என்கிறாள். விட முடிவதில்லை.

மாமல்லபுரத்துக்கு மாற்றலாகி வந்த முதல் கார்த்திகை அது. அவளுக்கு ஏழு வயது. வாசலில் அகல் ஏற்றிவிட்டுக் கோயில் திடலுக்குப் போனோம். நடுவில் பனந்துண்டு நட்டு, உச்சிவரை காய்ந்த ஓலை சுற்றியிருந்தார்கள். யார் பெரியவர் என்று இரண்டு சாமிகள் சண்டையிட்டபோது நடுவில் எழுந்த நெருப்புத் தூணைத்தான் இப்படிச் சொக்கப்பனையாகக் கொளுத்துகிறோம் என்று அவளுக்குச் சொன்னேன்.

“யாருப்பா ஜெயிச்சாங்க?”

“யாருமே இல்ல.”

எரியும் சொக்கப்பனை எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கத்துக்கு வருஷம் முழுக்க நல்லது என்று ஊரில் நம்பினார்கள். எனக்கு அது தெரியாது. கிழக்கே மீனவர் குப்பம், மேற்கே கடைத்தெரு. பனை தீப்பிடித்து ஆடும்போது, கிழக்கே இழுப்பதற்காகக் குப்பத்தார் ஓலைக்குள் மறைத்திருந்த கம்பியைக் கடைத்தெருக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார்.

“கம்பி கட்டிக்கீறானுங்கடா!”

அடுத்த நொடி அடிதடி. மீந்து கிடந்த பனைமட்டைகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். மட்டையின் இரண்டு ஓரமும் ரம்பம் மாதிரி இருக்கும். ஒருவருடைய காது கிழிந்து தொங்கியது. யாரோ என் தோளில் மோத, மகளின் கை நழுவிற்று. பனை கூட்டத்தின் மேலேயே விழுந்தது.

தேடிக் கண்டபோது, குப்பத்து ஆள் ஒருவர் அவளை மணலில் குப்புறத் தள்ளி, மேலே கவிழ்ந்து, இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்தார். அவள் அலறினாள். ஒரு மட்டையை எடுத்து அவருடைய வெற்று முதுகில் அடித்தேன். சதை கிழிந்தது. மறுபடி அடித்தேன். எத்தனை அடி என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. அவர் திரும்பக்கூட இல்லை.

“அடி சார், அடிச்சிக்கோ. பாப்பா மேல நெருப்பு கீது. அணைஞ்சதும் எழுந்துக்கறேன்.”

அப்போதுதான் அவர் விரலிடுக்கில் புகையைப் பார்த்தேன். பண்டிகைக்கென்று நான் வாங்கித் தந்த நைலான் பாவாடை உருகி, அவருடைய உள்ளங்கைகளிலும் அவளுடைய கெண்டைக்காலிலும் ஒட்டியிருந்தது.

வாடகைக் காரில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதுகைச் சாய்க்க முடியாமல் அவர் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தார். மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் கை நீட்டினேன். முகத்தை அவர் தோளில் புதைத்துக்கொண்டாள்.

“போம்மா, உன் நைனாதான். இப்போ கையில மட்டை இல்ல, பாரு,” என்றார் அவர்.

டிரைவர் சிரித்துவிட்டார். மகள் மெல்லத் தலையைத் திருப்பி என் இரண்டு கைகளையும் பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசல்வரை அவள் என்னிடம் வரவில்லை.