அசையாமல் படுங்கள், பலூன் வெடித்தால் வெடிக்கட்டும்

எம்.ஆர்.ஐ. அறை உதவியாளனுக்கு வேலை இரண்டுதான்: உள்ளே போகிறவர் உடம்பில் இருக்கும் இரும்பை வாங்கி வைப்பது, மனசில் இருக்கும் பயத்தை வாங்கி வைப்பது.

அந்தக் குழாய்க்குள் படுத்து, யாரோ தலைமாட்டில் சுவரை இடிக்கிற மாதிரி சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அது ராட்சதக் காந்தம். கொரட்டூரில் எங்கள் ஸ்கேன் மையத்துக்கு வந்த ஒருவர் இடுப்பில் சாவிக்கொத்தை ஒளித்துக்கொண்டு நுழைந்தார். சாவி முன்னால் பறந்தது, அரைஞாண் கயிறு அதன் பின்னால், ஆள் அதற்கும் பின்னால். வேட்டி மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது. நம்ப விரும்பாதவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம்.

போன வருஷம் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கயல்விழி என்ற இளம் டாக்டர் ஆராய்ச்சிக்கு வந்தார். எந்தக் குணக்காரர் துணிந்து இறங்குகிறார், அப்போது அவர் மூளையில் எந்த இடம் எந்த இடத்தோடு பேசுகிறது என்பது அவருடைய கேள்வி. முதலில் குணத்தைப் பற்றி ஒரு கேள்வித்தாள். பிறகு குழாய்க்குள் படுத்தபடி திரையில் பலூன் ஊதும் விளையாட்டு. பொத்தானை அழுத்த அழுத்த பலூன் பெரிதாகும், புள்ளி ஏறும். போதும் என்று நிறுத்தினால் புள்ளி நமக்கு. வெடித்தால் அந்தப் பலூனின் புள்ளி போச்சு. தலை அசைந்தாலோ படமே போச்சு.

"ஆசைப்படற இடம் ஒண்ணு, 'இரு, யோசி'ங்கற இடம் ஒண்ணு. ரெண்டுக்கும் தொடர்பு எப்படின்னு பார்க்கறேன் ஐயா" என்றார். கண்டக்டர் விசில் டிரைவர் காதில் விழுகிறதா என்று பார்க்கிறார் போல. எனக்கு அப்படித்தான் புரிந்தது. இயந்திரத்தை அவருக்குக் கொடுத்திருந்தது மார்ச் கடைசி ஞாயிறு வரைதான். அதற்குள் ஒரு ஆள் குறைந்தாலும் ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தளும்பாத மனிதர்

நசரத்பேட்டை முருகேசன் தண்ணி லாரி டிரைவர். தண்ணி லாரியைக் கண்டால் நாமெல்லாம் ரோட்டை விட்டே இறங்கி நிற்போம் இல்லையா? இவர் பலூனை அறை நிறைய ஊதப் போகிறார் என்று ஆவலாக நின்றேன். மனுஷர் ஒவ்வொரு பலூனையும் நாலு அழுத்து அழுத்தி நிறுத்திவிட்டார். ஒன்றுகூட வெடிக்கவில்லை. சட்டையை மாட்டும்போது, ஏன் இவ்வளவு ஜாக்கிரதை என்று கேட்டேன்.

"பின்னாடி பன்னெண்டாயிரம் லிட்டர் தளும்பிகினே வருது நைனா. முன்னாடி குந்திகினு கீற நானும் தளும்பினா இன்னாத்துக்கு ஆவறது?"

பாலத்திலிருந்து குதித்தவர்

ஆவடி அடுக்குமாடியிலிருந்து வந்த பிரவீன் கணினிக்காரர். காலில் கயிறு கட்டிக்கொண்டு பாலத்திலிருந்து தலைகீழாகக் குதித்த வீடியோவை எனக்கு இரண்டு தடவை காட்டினார். கேள்வித்தாளில் துணிச்சல் என்று வந்த இடத்திலெல்லாம் முழு மதிப்பெண் போட்டுக்கொண்டார். உள்ளே தள்ளி ஒரு நிமிஷம் ஆகவில்லை, கையிலிருந்த அவசர ரப்பர் குமிழைப் பிதுக்கிவிட்டார். வெளியே இழுத்தோம். வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தார்.

போய்விடுவார் என்று நினைத்தேன். "இன்னொரு தடவை" என்றார். மறுபடி பிதுக்கினார். மூன்றாவது தடவையும் தானே கேட்டுப் போய்ப் படுத்து, பாதி வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். தலை ஆடியதில் படம் பாழ். டாக்டரின் கணக்கில் ஒரு ஆள் குறைந்தது. ஆனாலும் அந்த மூன்றாவது தடவைக்காக நான் எழுந்து நின்று தண்ணீர் கொடுத்தேன்.

"குதிக்க ஒரு செகண்ட் தைரியம் போதும் அங்கிள். சும்மா படுத்திருக்க இவ்ளோ வேணும்னு யாருமே சொல்லலையே."

பத்து விரல்

கள்ளிக்குப்பம் தனலட்சுமி, அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பிரஸ் மிஷினில் இருபது வருஷம். பத்து விரலும் பத்திரம். அந்த வேலையில் அதுதான் பதக்கம். கேள்வித்தாளில் எல்லாமே 'ஜாக்கிரதை'. உள்ளே போனதும் ஒரு பலூனைக்கூட மிச்சம் வைக்கவில்லை, அத்தனையும் வெடித்தது. தலை மட்டும் சிமென்ட் வைத்துப் பூசிய மாதிரி அசையவே இல்லை. டாக்டர் தாளையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். என்னம்மா இது என்றேன்.

"பிரஸ்ல ஒரு தபா தப்பா அமுக்கினா விரல் பூடும். இங்க பலூன்தானே பூடுது? அமுக்காம இன்னா பண்றது, சொல்லு தாத்தா."

கடைசி ஞாயிறு

குறைந்த அந்த ஒரு ஆளுக்குப் பதிலாக வர வேண்டியவர் காலையில் போன் செய்தார். மூளையில் கரண்ட் விடுவார்கள் என்று மாமியார் சொன்னாராம், வரவில்லை. டாக்டர் பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். எழுபது வயது வரை யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வார். ஆனால் என் பக்கம் திரும்பவே இல்லை.

காரணம், எனக்கு எழுபத்தொன்பது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். 'பார்த்தால் தெரியவே இல்லையே' என்று நாலு பேர் சொல்லிக் கேட்பதற்காக, இருக்கிற அறுபத்தெட்டோடு பதினொன்றைக் கூட்டிய புண்ணியவான் நான். இன்னொன்றும் உண்டு. தினமும் ஊரையே உள்ளே தள்ளுகிற நான் ஒருநாளும் அந்தக் குழாயில் படுத்ததில்லை. ஊரார் பயத்தை வாங்கி வைக்கிறவனுக்கே அவ்வளவு பயம்.

ஆதார் அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். டாக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு கேள்வித்தாளை நீட்டினார். 'பிறர் மெச்ச வேண்டும் என்று மிகைப்படுத்திப் பேசுவீர்களா?' என்ற இடத்தில் 'எப்போதும்' என்று குறித்தேன். உள்ளே போனேன். கண்ணுக்கு மேலே ஒரு சாண் இடம்தான். பலூனுக்கு இரண்டு அழுத்துக்கு மேல் விரல் வரவில்லை. குமிழை மட்டும் பிதுக்கவில்லை. வெளியே வந்தபோது டாக்டர் திரைக்கு முன்னால் எழுந்து நின்றிருந்தார்.

"நாடி குதிரை மாதிரி ஓடியிருக்கு, தலை ஒரு நூல்கூட அசையலை. பயந்துகிட்டே கடைசிவரைக்கும் படுத்திருந்தவங்க படம் என்கிட்ட ஒண்ணுகூட இல்லாம இருந்துச்சு ஐயா. இப்போ ஆள் கணக்கும் நிறைஞ்சுடுச்சு."

துணிந்தவர்களை எல்லாம் இத்தனை மாசமாக வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, கடைசியில் பயந்தாங்கொள்ளி என்றே ஒரு பதவி கிடைத்தது, அதுவும் சரியான வயதோடு.