காட்டுத்தாராவில் என் பங்கு

எண்பத்தைந்தாம் ஆண்டு இலையுதிர்காலத்தில், ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு சதுப்பு நிலத்தில், என் சுப்பவைசர் காட்டுத்தாரா என்கிற காட்டு வாத்து ஒன்றைத் துப்புரவாக்கிய விதத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெஞ்சில் ஒரு பிடி இறகைப் பிடுங்கித் தோலைக் கிழித்தார். ஒரு செட்டையோடு சேர்த்து நெஞ்சை மட்டும் முறித்தெடுத்தார். சுட்டது என்ன பறவை என்று வழியில் அதிகாரி மறித்துக் கேட்டால் காட்டுவதற்குத்தான் அந்தச் செட்டை. மிச்சத்தை நாணலுக்குள் எறிந்துவிட்டு அடுத்ததைத் தூக்கினார். மிச்சம் என்றால் இரண்டு தொடை, கழுத்து, ஈரல், இதயம், இரைப்பை. நாங்கள் அடிபட்டுச் சாப்பிடுகிற பகுதிகளெல்லாம் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது என் வாய்க்கொழுப்பால். ஸ்காபரோவில் கார்ப் பாகங்கள் அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சுப்பவைசரும் அவருடைய மைத்துனரும் வேட்டைக் கதை கதைப்பார்கள். ஒருநாள் நான், ஒரு முழு ஆட்டையே உரித்துப் பங்கு போடத் தெரிந்தவன் என்று தெரிந்த ஆங்கிலத்தில் அளந்துவிட்டேன். அப்படியென்றால் சனிக்கிழமை வா என்றார்கள். போன இடத்தில் துவக்கைத் தந்து பிடித்துப் பார் என்றார்கள். தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாடு விட்டு வந்தவன், அதைக் கொஞ்ச நேரம் விளையாட்டுக்குத் தூக்கிப் பார்க்க எனக்கு என்ன விசரா?

நான் தண்ணீருக்குள் இறங்கி எறிந்ததையெல்லாம் பொறுக்கினேன். அவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இன்னும் தொடாத தாராக்களை என் பக்கம் இழுத்தேன். அடிவயிற்றில், கழிவுத் துவாரத்துக்கு மேலே சின்னதாக வெட்டி, இரண்டு விரலை உள்ளே விட்டு முதுகெலும்போடு ஒட்டித் தடவி இழுத்தால் குடல் முழுதாக வரும். கழுத்தடியில் கீறித் தீன்பையை எடுக்கவேண்டும். விலாவுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் சுவாசப்பையை நகத்தால் சுரண்டவேண்டும். முதல் தாராவில் பித்தப்பையை உடைத்துவிட்டேன். பச்சைத் தண்ணீர் ஈரலில் ஊற்றி, அந்த ஈரல் போயிற்று. இரண்டாவதிலிருந்து கை பழகிவிட்டது. உள்ளே துணியால் துடைத்து, வயிறு மூடாதபடி ஒரு குச்சியைக் குறுக்கே கொடுத்துக் காற்றில் தொங்கவிட்டேன்.

"இவ்வளவு குளிரில் ஏன் இந்தக் கரைச்சல்?" என்று சுப்பவைசர் கேட்டார்.

"குளிர் எங்களுக்கு. தாரா இறகுக்குள் இருக்கிறது. குடலோடு பையில் கட்டினால் உள்ளே அவிந்து நாறிவிடும்" என்றேன். அவருக்கு என் ஆங்கிலம் எவ்வளவு விளங்கியதோ தெரியாது. அந்தச் சாமான்களை எல்லாம் நீயே கொண்டுபோ என்று தாராளமாகக் கை காட்டினார்.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவர்கள் சுடுவார்கள், நான் துப்புரவாக்குவேன், அவர்கள் நெஞ்சைக் கொண்டுபோவார்கள், நான் மிச்சத்தைக் கொண்டுபோவேன். கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடம் ஒன்றில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில் நாங்கள் நாலு பேர். எங்களில் மூத்தவரை அண்ணை என்று கூப்பிடுவோம். சமையல் அவர் கையில்தான். மிளகாய்த்தூளை வறுத்து, இரைப்பையைச் சின்னச் சின்னதாக வெட்டி, கழுத்தெலும்போடு பிரட்டல் வைத்தால் மேல்மாடிப் பெடியளும் கோப்பையோடு வந்துவிடுவார்கள். மூன்றாவது முறை நான் பையை மேசையில் கவிழ்த்தபோது அண்ணை அகப்பையால் கிளறிப் பார்த்தார்.

"எல்லாம் கிடக்கு. நெஞ்சு எங்கையடா?"

"அது அவையள் எடுக்கிறவை அண்ணை."

"ஆர் உதைக் கழுவித் துடைச்சது?"

"நான்தான்."

"அப்ப உது பங்கில்லையடா தம்பி, கழிச்சல், அவையள் எறியிறது. வெள்ளையள் நெஞ்சைத் தின்னட்டும், நீ கூட்டைக் காவிக்கொண்டு வா. நல்ல தொழில்தான் பிடிச்சிருக்கிறாய்."

எல்லோரும் சிரித்தார்கள். ஊரில் நாலு வீடு சேர்ந்து ஆடு அடித்தால் இறைச்சியைக் குவியல் குவியலாகப் போடுவார்கள். ஒவ்வொரு குவியலிலும் கொஞ்சத் தொடை, கொஞ்ச எலும்பு, ஈரலில் ஒரு துண்டு, குடலில் ஒரு துண்டு. ஒருவனுக்குச் சதையும் மற்றவனுக்குக் கொழுப்பும் என்று யாராவது பிரித்தால் அந்த இடத்திலேயே அடிபிடி நடக்கும். இதெல்லாம் தெரிந்த நான்தான், சுப்பவைசர் தாராளமாய்க் கை காட்டியதை வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டினேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை சுட்டது எல்லாவற்றையும் நானே துப்புரவாக்கினேன். ஒரு நெஞ்சையும் முறிக்க விடவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு செட்டையை மட்டும் இறகோடு விட்டு, முழுதாக வைத்தேன். பிக்கப் வண்டியின் பின்பலகையில் பொலித்தீனை விரித்து மூன்று குவியல் போட்டேன். ஈரல், இதயம், இரைப்பை எல்லாவற்றையும் மூன்றுக்கும் கையால் பிரித்து வைத்தேன்.

"மூன்றாவது யாருக்கு?" என்று மைத்துனர் கேட்டார்.

"எனக்கு."

"நீ ஒரு வெடிகூட வைக்கவில்லையே."

"நீங்கள் ஒரு குடலைக்கூட எடுக்கவில்லை."

மைத்துனர் சிரித்துவிட்டார். சுப்பவைசர் சிரிக்கவில்லை. முகம் சிவந்து, துவக்கு என்னுடையது, தோட்டா என்னுடையது, வண்டி என்னுடையது, வழமைபோலத் தொடையை எடுத்துக்கொண்டு பேசாமல் ஏறு என்றார். அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. எனக்கு வேலை கொடுப்பதும் நிறுத்துவதும் அவர் கையில். இத்தனையும் யோசித்தேன், யோசித்த பிறகும் எனக்கு அடங்க மனம் வரவில்லை.

"முழுப் பங்கு இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம். தொடையும் வேண்டாம்" என்றேன்.

மூன்று குவியலையும் ஒரே பெட்டிக்குள் அள்ளிப் போட்டார். வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைந்தால், அண்ணை வெங்காயம் வெட்டி, தேங்காய்ப்பூவை ஊறப் போட்டுவிட்டு நிற்கிறார். நடந்ததைச் சொன்னேன். அகப்பையைப் பொத்தென்று வைத்தார்.

"உனக்கென்ன விசரே? வேலை போனா ஆர் வாடகை கட்டுறது?"

"நீங்கள்தானே அண்ணை கழிச்சல் எண்டு சொன்னனீங்கள்!"

"நான் பகிடிக்கெல்லோ சொன்னனான்! திங்கக்கிழமை போய்ச் சொறி சொல்லு."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. திங்கட்கிழமை என்னைக் காற்றே வராத மூலையிலிருந்த பழைய மெசினுக்கு மாற்றினார்கள். அதிலும் நின்றேன். சுப்பவைசர் என்னைக் கடந்து போகும்போது நான் தலையைக் குனியவில்லை. அவரும் முகம் கொடுக்கவில்லை. இரண்டு சனிக்கிழமை அவர்கள் என்னை விட்டுவிட்டுப் போனார்கள். வீட்டில் உருளைக்கிழங்குக் கறி நடந்தது. ஒவ்வொரு வாய்க்கும் அண்ணை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், சுப்பவைசர் என் தோளில் தட்டி வாகனத் தரிப்பிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து, இறுக்கிக் கட்டிய கறுப்புப் பை ஒன்றை எடுத்து என் கையில் தந்தார்.

"உன் பங்கு. இரண்டு முழுத் தாரா. நெஞ்சோடு" என்றார். அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. "சனிக்கிழமையிலிருந்து உனக்கென்று வைத்திருக்கிறேன். ஒரு இறகுகூடத் தொடவில்லை."

முடிச்சை அவிழ்க்கமுன்னமே மணம் வந்துவிட்டது. குடலோடு, சூட்டோடு, பையில் கட்டி மூன்று நாள். வயிற்றடி இறகை விலக்கினேன். தோல் பச்சை பிடித்திருந்தது. விரலால் அமர்த்த, சதை கூழாகப் போயிற்று. ஒன்று கொழுத்த பச்சைத்தலை ஆண்தாரா. அந்தப் பருவத்தில் நான் கண்டதில் அதுதான் பெரியது.

நன்றி என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் போட்டிருக்கலாம். வேலைக்கும் நல்லது, கேஸுக்கும் நல்லது, அண்ணைக்கும் நிம்மதி. ஆனால் எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. இவ்வளவு அலைச்சலுக்குப் பிறகு கையில் கிடைத்த முதல் நெஞ்சு, நாயும் தின்னாது. நான் தாராவை அவருடைய மூக்குக்கு நேரே பிடித்தேன்.

"பழுதாகிவிட்டது. மணந்து பாருங்கள்."

அவர் ஓரடி பின்வாங்கினார். "குளிராகத்தானே இருந்தது" என்றார்.

"இறகு என்று அன்றைக்கே சொன்னேன். இரண்டு உயிர் சும்மா போயிற்று. உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. சதுப்பிலேயே என் கையில் தந்திருந்தால் இது சாப்பாடு."

இவ்வளவு ஆங்கிலம் எனக்குள் எங்கே இருந்ததோ தெரியாது. சத்தம் கேட்டு இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காது வரைக்கும் சிவந்தார்.

"ஒருவன் உனக்கென்று கொண்டுவந்து தருகிறான். ஒரு நன்றியாவது சொல்லியிருக்கலாம்" என்றார்.

"பிச்சை தந்தால் நன்றி சொல்லுவேன்," என்றேன். "பங்குக்கு யார் நன்றி சொல்வது?"

நான் பையைக் குப்பைத் தொட்டியில் போட்டு, கை கழுவி, மூலை மெசினுக்குப் போனேன். அன்று பின்னேரம் முழுக்க வேலை போகப் போகிறது என்று எதிர்பார்த்துக்கொண்டே பாகங்களை அடித்தேன். ஆனாலும் சொன்னதற்காக ஒரு துளியும் வருந்தவில்லை.

சனிக்கிழமை விடியக் கீழே ஹோர்ன் சத்தம் கேட்டது. அண்ணை யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "வாயைப் பொத்திக்கொண்டு போ" என்றார். நான் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கினேன். சுப்பவைசர் உள்ளிருந்தபடியே கதவைத் திறந்துவிட்டார். மைத்துனர் தள்ளி இருந்து இடம் தந்தார். நான் ஏறவில்லை. மூன்று விரலைக் காட்டி, எத்தனை குவியல் என்று கேட்டேன். குளிர்காற்று வண்டிக்குள் அடித்தது, கதவை மூடு என்று மைத்துனர் கத்தினார். சுப்பவைசர் தலையாட்டும்வரை நான் கதவைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றேன்.